சஷ்டி நோன்பும் காலை நடையும்

ஐப்பசி அமாவாசை கழிந்த மறுநாள் தொடங்கி ஆறு நாள் நோற்கும் கந்த சஷ்டி விரதத்தை நாங்கள் 1984ஆம் ஆண்டு முதல் தலைநகர் தில்லியில் நோற்று வருகிறோம். ‘நாங்கள்’ என்பது ஆசிரியர்கள் தம்மைக் குறித்துக் கொள்ளும் மரியாதைப் பன்மை அன்று. கணவனும் மனைவியுமாகிய இருவர். எழுதுகோல் எங்களுள் மூத்தவர் கையில் இருக்கிறது. அடித்தலும் திருத்தலும் இளையவர் வாயில் இருக்கின்றன. ஆகவே இக்கட்டுரையில் காணும் பிழைகளில் இருவருக்கும் பங்குண்டு.

எங்களுக்கு 1981இல் திருமணம் ஆயிற்று. மூன்றாண்டுகள் தொட்டில் அசையவில்லை. ‘சட்டியில் இருந்தால் அகப்பையில் வரும்’ என்னும் பழமொழியைச் ‘சஷ்டியில் இருந்தால் அகப்பையில் வரும்’ என்று பெரியோர் பிரித்துப் பொருள் சொல்வதுண்டு. திருச்செந்தூருக்கு அருகில் உள்ள எங்கள் ஊரில் அதற்கு மறுபேச்சே கிடையாது. ஊரிலிருந்து கடிதம் வந்தது, விரதம் தொடங்கினோம். 1986இல் மகள் பிறந்தாள். அன்று முதல் அந்த ஆறு நாள்களையும் ஓராண்டும் தவற விட்டதில்லை என்பது எங்கள் இல்லத்தின் பெருமிதமாக இருந்தது. எத்தகைய பெருமிதம் என்பதைப் பின்னர்ச் சொல்வோம்.

தில்லி இராமகிருஷ்ணபுரத்துக் குன்றின் மேல் சுவாமிநாதப் பெருமானுக்குக் கோயில் எழுந்து, 1973இல் குடமுழுக்கு நடந்தது. ‘மலை மந்திர்’ என்று ஆட்டோக்காரர் முதல் அமைச்சர் வரை அனைவரும் அழைக்கும் அந்தக் கோயிலுக்கு, முனிர்க்காவில் உள்ள எங்கள் குடியிருப்பிலிருந்து நடந்தே போகலாம். மூத்தவருக்கு ஐம்பதாம் வயதில், அதாவது 2004இல், நீரிழிவு கண்டது. நாள்தோறும் முக்கால் மணி நேரம் வேகமாக நடக்க வேண்டும் என்று மருத்துவர் கட்டளையிட்டார். இளையவரும் துணைக்குப் புறப்பட்டார். அவ்வாறு வழிபாடும் மருந்தும் ஒரே பாதையில் அமைந்தன. பன்னிரண்டு ஆண்டுகளில் அந்தக் குன்றின் படிகளை இடையில் நில்லாமல் ஏறும் அளவுக்கு எங்களுக்கு வலிமை வந்துவிட்டது. இதனை ஆங்கிலத்தில் ஏரோபிக் திறன் என்பர். அமெரிக்க விமானப்படை மருத்துவர் கென்னத் கூப்பர் 1968இல் ‘ஏரோபிக்ஸ்’ என்ற பெயரில் நூல் எழுதிய பின்னரே அச்சொல் ஊர்தோறும் பரவியது. நெஞ்சும் நுரையீரலும் தசையும் ஒத்துழைத்து, உயிர்வளியை இடைவிடாமல் எரித்து, நெடுநேரம் உழைக்கும் ஆற்றல் அது. நாங்கள் எங்களுக்குள் ‘மூச்சுரம்’ என்று சொல்லிக் கொள்கிறோம். புலவர் பெருமக்கள் பொறுத்தருள்க.

இனி 2016ஆம் ஆண்டுக்கு வருவோம்.

அவ்வாண்டு அக்டோபர் முதல் வாரத்தில் ஜப்பானிய அறிவியலறிஞர் யோஷினோரி ஓசுமிக்கு மருத்துவ நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது. உயிரணு தன்னுள் தேங்கிய பழம்பொருள்களைத் தானே சிதைத்து மீண்டும் பயன்படுத்திக் கொள்ளும் முறையை அவர் ஆராய்ந்தவர். பட்டினியின்போது இது மிகுகிறது என்ற ஒரு வரியைப் பிடித்துக் கொண்டு, எங்களுடன் நடக்கும் அன்பர்கள், “நம் முன்னோர் அன்றே கண்டதற்கு இன்று நோபல்!” என்று கொண்டாடினர். ஓசுமி தம் அடிப்படைச் சோதனைகளைச் செய்தது ரொட்டி மாவைப் புளிக்க வைக்கும் ஈஸ்ட் நுண்ணுயிரில் என்பதை யாரும் நின்று கேட்கவில்லை. நாங்களும் கேட்கவில்லை. ஈஸ்ட்டுக்கு நீரிழிவும் இல்லை. அது காலையில் எழுந்து நடப்பதும் இல்லை. ஆயினும் அந்த உற்சாகத்தில், வழக்கமான நண்பகல் ஒருவேளை உணவையும் விட்டுவிட்டு, காலை மாலை ஒரு குவளை பாலும் இரவில் ஒரு வாழைப்பழமும் மட்டும் கொள்வது என்று உறுதி பூண்டோம். நடையை ஒரு நிமிடமும் குறைப்பதில்லை என்றும் முடிவாயிற்று. அறிவியலும் ஆன்மிகமும் எங்கள் பக்கம் இருக்கையில் அஞ்சுவதற்கு என்ன இருக்கிறது?

அக்டோபர் 31ஆம் நாள் விரதம் தொடங்கியது. முந்திய நாள்தான் வடநாட்டுத் தீபாவளி. அந்த வெடிப்புகையும், அண்டை மாநிலங்களில் நெல் அறுத்த தாளை எரிக்கும் புகையும், காற்று அசையாத குளிரும் சேர்ந்து நகரை மூடின. அந்த நவம்பர் முதல் வாரத்தைத் தில்லிவாசிகள் மறக்க மாட்டார்கள். பிள்ளைகளின் பள்ளிகளையே மூட வேண்டியதாயிற்று. நாங்களோ மூக்கில் துண்டைக் கட்டிக் கொண்டு நடந்தோம். நான்காம் நாள் எடை பார்த்தோம். மூத்தவருக்கு இரண்டரைக் கிலோ குறைந்திருந்தது. இருவரும் ஒருவரை ஒருவர் பாராட்டிக் கொண்டோம்.

ஐந்தாம் நாள் காலை. குளிருக்குப் போர்த்திய சால்வைக்குள் மூத்தவரின் சட்டை வியர்வையில் நனைந்திருந்தது. இளையவர், “என்னங்க, கற்பூரம் எடுத்துக்கிட்டீங்களா?” என்று கேட்டார். “கோப்பு கையெழுத்தாகி விட்டது, கீழே அனுப்பியாயிற்று” என்று விடை வந்தது. மூத்தவர் பணி ஓய்வு பெற்று இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. அடுத்த சில அடிகளில் கால் பின்னியது. நடைபாதை விளிம்பில் உட்கார்ந்தார். அருகில் தேநீர்க் கடை வைத்திருந்தவர் ஓடி வந்தார். எங்களைப் பல்லாண்டுகளாகக் காலைதோறும் பார்ப்பவர். நிலைமையைக் கேட்டதும் ஒரு குவளைத் தேநீரில் நான்கு கரண்டிச் சர்க்கரையைப் போட்டுக் கலக்கி நீட்டினார்.

மூத்தவர் வாயைத் திறக்க மறுத்தார். “நாளை ஒரு நாள்தான். விரதம் முறிந்துவிடும்” என்பது மட்டும் அவருக்குத் தெளிவாக நினைவில் இருந்தது. இளையவர், “அந்தப் பாவம் எனக்கு வரட்டும்” என்று சொல்லிக் குவளையை உதட்டில் வைத்து அழுத்தினார். முப்பத்து மூன்றாம் ஆண்டு விரதம் அவ்வாறு முறிந்தது. கால்மணி நேரத்தில் மூத்தவருக்குத் தெருவும் தேதியும் திரும்பி வந்தன. கோப்பைப் பற்றித் தாம் பேசியதே அவருக்கு நினைவில்லை.

இதுவரை ‘நாங்கள்’ என்று எழுதி வந்தது இந்த இடத்தில் சற்று இடறுகிறது. மூன்றாம் நாளே மூத்தவருக்குக் கை நடுங்கியது, அவர் சொல்லவில்லை. நடுங்கியதை இளையவர் பார்த்தார், அவரும் சொல்லவில்லை. சொன்னால் விரதத்தை நிறுத்த நேரும் என்று இருவருக்கும் அச்சம். மேலும் இளையவர் ஆறு நாளும் பகலில் தண்ணீரே பருகுவதில்லை என்று தனியாக ஒரு நேர்த்தி வைத்திருந்ததும் அன்று மருத்துவமனை வாசலில்தான் வெளிப்பட்டது. இத்தனை ஆண்டு ஒரே கூரையின் கீழ் வாழ்ந்தவர்கள், தெய்வத்தின் பெயரால் ஆளுக்கொரு பொய்யை மடியில் கட்டி வைத்திருந்தோம்.

எங்களைப் பார்த்த மருத்துவர் எங்கள் மகளின் வயதுடைய பெண். “அங்கிள், மாத்திரையை விழுங்கிவிட்டுச் சாப்பிடாமல் நடக்கச் சொன்னது யார்?” என்று கேட்டார். யாரும் சொல்லவில்லை, நாங்கள் யாரையும் கேட்கவும் இல்லை. பிறகு அவர் ஒரு தாளில் படம் வரைந்து விளக்கியதை எங்கள் சொற்களில் தருகிறோம்.

உடம்பில் சர்க்கரைக்கு இரண்டு களஞ்சியங்கள் உண்டு. ஒன்று தசை, அங்கே உள்ளதை அந்தத் தசை மட்டுமே செலவழிக்கும். மற்றொன்று கல்லீரல், அங்கே ஏறத்தாழ நூறு கிராம் இருக்கும். இரத்தத்தில் சர்க்கரை தாழாமல் காப்பது இந்த இரண்டாவது களஞ்சியம். மூளை மட்டும் மணிக்கு ஐந்து கிராம் அளவில் கேட்டு வாங்கும். ஆகவே இரவு உறங்கி எழும்போதே கல்லீரலின் இருப்பில் பெரும்பகுதி குறைந்திருக்கும். ஒரு நாள் முழுதும் உண்ணாவிடில் ஏறக்குறையத் தீர்ந்துவிடும். அப்போது உடம்பு இன்சுலின் சுரப்பைத் தாழ்த்திக் கொண்டு, கொழுப்பைக் கரைத்து எரிக்கத் தொடங்கும்; கல்லீரலும் புதிதாகச் சிறிது சிறிதாகச் சர்க்கரை செய்து தரும். நலமுள்ளவர் நோன்பைத் தாங்குவது இந்த ஏற்பாட்டினால்தான். மூத்தவர் விழுங்கிய மாத்திரையோ, உணவு வந்ததா இல்லையா என்று பாராமல் கணையத்தை முடுக்கி இன்சுலினைச் சுரக்க வைக்கும் வகை. இன்சுலின் உயர்ந்தால் கொழுப்பு இறங்காது. கல்லீரலும் கையை மூடிக் கொள்ளும். அதன் மேல் வேகநடை. நடக்கும் தசை இரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக் கொண்டே இருக்கும். உணவு இல்லை, மாத்திரை உண்டு, நடை உண்டு. இம்மூன்றும் ஒரு காலையில் கூடின.

நான்காம் நாள் நாங்கள் கொண்டாடிய இரண்டரைக் கிலோவுக்கும் அந்தத் தாளிலேயே விடை இருந்தது. சேமித்த சர்க்கரை ஒவ்வொரு கிராமும் மூன்று கிராம் அளவுக்கு நீரையும் பிடித்து வைத்திருக்கும்; சர்க்கரை தீரும்போது நீரும் உப்பும் சிறுநீரில் போய்விடும். ஒரு கிலோ கொழுப்பைக் கரைக்க ஏழாயிரம் கலோரிக்கு மேல் செலவாக வேண்டும். எங்கள் முக்கால் மணி நடைக்கு இருநூறு கலோரி கூடத் தேறுவது அரிது. ஆக, நாங்கள் இழந்ததில் பெரும்பகுதி தண்ணீரே. அந்த இழப்பைத்தான் இளையவர் தண்ணீர் குடியாமல் மேலும் வளர்த்திருக்கிறார்.

வீட்டுக்கு வந்ததும் ஒரு பெரிய வேலை காத்திருந்தது. ஊரில் இருக்கும் எண்பத்து நான்கு வயதுத் தாயாரிடம் விரதம் முறிந்ததைச் சொல்ல வேண்டும். எங்களுக்கு விரதம் கற்பித்தவர் அவர். ஆறு நாளும் பச்சைத் தண்ணீர் மட்டும் குடித்து, வயல் வேலையும் வீட்டு வேலையும் ஒன்று குறையாமல் செய்து, ஆறாம் நாள் திருச்செந்தூர்க் கடற்கரைக்கு நடந்தே சென்று சூரசம்ஹாரம் பார்த்துத் திரும்பியவர். அப்படித்தான் மூத்தவரின் இளமை நினைவு சொல்லிற்று. அந்த நினைவோடு போட்டியிட்டுத்தான் நாங்கள் முனிர்க்காவில் நடந்து கொண்டிருந்தோம் எனலாம்.

தொலைபேசியில் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் சிரித்தார். “ஏய்யா, முருகன் என்ன வட்டிக்காரனா, நாளுக்கு நாள் கணக்குப் பாக்க? நான் ஒண்ணும் திங்காம இருந்தேன்னு உனக்கு யாரு சொன்னது? நீங்கள்லாம் பள்ளிக்கூடம் போன பொறவு உச்சி சாய ஒரு நேரம் சோறு திம்பேன். ராத்திரி பாலு குடிப்பேன். உங்க ஆச்சிதான் மொளகு வெரதம் இருந்தவ.” முதல் நாள் ஒரு மிளகு, இரண்டாம் நாள் இரண்டு என்று ஆறாம் நாள் ஆறு மிளகு வரை கொள்ளும் கடுநோன்பு அது. “ஆச்சி வேலையெல்லாம் செய்தாளா?” என்று மூத்தவர் கேட்டார். “நல்லா கேட்ட போ! அவ ஆறு நாளும் கோயில் பிரகாரத்துல கெடப்பா. எந்திரிச்சா சாமி கும்பிடுவா, திரும்பவும் படுப்பா. நானும் நெல்லுக் குத்துறது, வெறகு ஒடைக்கிறது எல்லாத்தையும் அம்மாசிக்கு முன்னாலயே முடிச்சு வச்சிருவேன். வெரதத்துல யாரு பாரம் தூக்குவா?”

திருச்செந்தூரில் கந்த சஷ்டிக்கு ஆயிரக்கணக்கானோர் கோயில் வளாகத்திலேயே தங்கி ஆறு நாளும் நோற்பதை நாங்களும் கண்டிருக்கிறோம். ஏன் தங்குகிறார்கள் என்று எண்ணியதில்லை. கடுமையாக நோற்பவர் உழைக்கவில்லை. உழைத்தவர் ஒருவேளை உண்டார். கனத்த வேலைகள் அமாவாசைக்கு முன்பே ஒதுக்கப்பட்டன. இந்த ஏற்பாடு முழுவதும் ஊரிலேயே தங்கிவிட்டது. விரதத்தின் பெயரும் நாள் கணக்கும் மட்டும் எங்களோடு கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸில் ஏறித் தலைநகர் வந்தன. இங்கே வந்தபின் ஆச்சியின் பட்டினியையும் தாயாரின் உழைப்பையும் ஒன்றாக முடிச்சுப் போட்டு, அதுவே குலமரபு என்று நாங்களே செய்து கொண்டோம்.

அண்டை வீட்டாரிடமும் கற்க நிறைய இருந்தது. எங்கள் மாடிக்குக் கீழே பீகாரைச் சேர்ந்த ஒரு குடும்பம் இருக்கிறது. அவர்கள் சட் பூசை செய்வதும் இதே வளர்பிறைச் சஷ்டியில்தான். திதி நேரத்தைக் கணிக்கும் முறையால் சில ஆண்டுகளில் ஒரு நாள் முன்பின்னாக விழும். நாங்கள் சூரனை வதைக்கும் மாலையை ஒட்டி, அவர்கள் நீரில் நின்று மறையும் ஞாயிற்றுக்கு அர்க்கியம் தருகிறார்கள். அந்த வீட்டு அம்மையார் ஏறத்தாழ முப்பத்தாறு மணி நேரம் தண்ணீரும் இல்லாமல் இருப்பவர். எங்களைவிடக் கடுமை அன்றோ என்று வியந்தோம். ஆனால் அவர் பட்டினியில் திடீரென்று குதிப்பதில்லை. சதுர்த்தியன்று நீராடிச் சுரைக்காயும் கடலைப் பருப்பும் பச்சரிசிச் சோறும் உண்கிறார். பஞ்சமியன்று மாலை வெல்லப் பாயசமும் ரொட்டியும் உண்டபின்தான் நீரற்ற நோன்பு தொடங்குகிறது. அந்நேரத்தில் பளு தூக்கும் வேலை எல்லாம் வீட்டு ஆண்களுக்கு. பழக்கூடையைத் தலையில் சுமந்து நீர்த்துறைக்குச் செல்வதும் அவர்களே. எங்கள் ஊர்த் தாயார் சொன்ன ஏற்பாடுதான் இங்கே வேறு உடையில் நின்றது.

நோன்பு உணவு என்று தலைநகரில் விற்பதைப் பற்றி ஒரு சொல். நவராத்திரியில் வடவர் தானியம் விலக்கி, குட்டு என்னும் விதையின் மாவு, நீர்ச்சிங்காரக் கொட்டை மாவு, சாமா அரிசி, இந்துப்பு ஆகியவற்றைக் கொள்வர். அடிப்படையில் நல்ல பொருள்களே. அவற்றைப் பூரியாகப் பொரித்து, உருளைக்கிழங்கோடு உண்டுவிட்டு உடல் இளைக்கவில்லை என்று வருந்துவோரையும் கண்டிருக்கிறோம். சாபுதானா எனப்படும் ஜவ்வரிசியோ நம் சேலத்துச் சரக்கு. மரவள்ளிக் கிழங்கின் மாவு. 1981இல் அங்கே ஜவ்வரிசி உற்பத்தியாளர் தமக்கெனக் கூட்டுறவுச் சங்கமே நிறுவினர். நாம் வடாமுக்கும் பாயசத்துக்கும் வைத்திருந்ததை வடபுலம் விரத உணவாக்கிக் கொண்டது. பெருமைதான், ஆனால் அதில் புரதம் இல்லை என்றே சொல்லலாம், மாவுச்சத்து விரைந்து இரத்தத்தில் ஏறும். நீரிழிவாளர் அதை வேர்க்கடலையும் தயிரும் சேர்த்துச் சிறிதளவே கொள்வது நலம்.

மறு ஆண்டு நோன்புக்கு ஒரு மாதம் முன்னரே அந்த இளம் மருத்துவரிடம் சென்றோம். விரதத்தை அடியோடு விடச் சொல்வார் என்று அஞ்சியிருந்தோம். அவர் தம் மேசையிலிருந்து ஒரு வழிகாட்டி நூலை எடுத்தார். நீரிழிவுள்ளோர் ரமலான் நோன்பு நோற்பது குறித்துப் பன்னாட்டு நீரிழிவுக் கூட்டமைப்பு வேறோர் அமைப்புடன் இணைந்து 2016இல் வெளியிட்டது அது. யார் நோற்கலாம், யார் கூடாது, மாத்திரையை எந்த வேளைக்கு மாற்றுவது, எப்போது நோன்பை உடனே முறிப்பது என்றெல்லாம் அதில் வகுத்திருந்தது. “உங்கள் முருகனுக்கென்று யாரும் எழுதவில்லை, இதையே உங்களுக்குப் பொருத்திப் பார்ப்போம்” என்றார். இரத்தச் சர்க்கரை 70க்குக் கீழ் இறங்கினாலோ, 300க்கு மேல் ஏறினாலோ அந்தக் கணமே நோன்பை முறிக்க வேண்டும் என்பதை அதிலிருந்து எடுத்துப் பெரிய எழுத்தில் எழுதித் தந்தார். தாழ்ந்தால் மூன்று தேக்கரண்டிச் சர்க்கரை, கால்மணி கழித்து மறுபடி சோதனை. நோன்பு நோற்கும் முஸ்லிம் அன்பர்களுக்காக எழுதிய விதிகள் எங்கள் பூசை அலமாரியில் ஒட்டப்பட்டன. இன்றும் அங்கேயே இருக்கின்றன.

முடுக்கும் வகை மாத்திரையை அந்த ஆறு நாளும் நிறுத்தி, மற்றொன்றை நண்பகல் உணவோடு கொள்ளச் செய்தார். இது எங்களுக்கு எழுதிய சீட்டு. வாசகர் இதைத் தமக்கென்று எடுத்துக் கொள்ளலாகாது. இன்சுலின் ஊசி போடுவோர், சிறுநீரகம் தளர்ந்தோர், கருவுற்றோர் ஆகியோர் தம் மருத்துவரைக் கேளாமல் ஒருவேளையும் விடலாகாது என்றும் அவர் வற்புறுத்தினார்.

மீந்திருந்தது நடைதான். அதில் எங்கள் மகளின் பேச்சு எடுபட்டது. எந்த விரதத்தின் பயனாக அவள் வந்தாளோ, அவளே இப்போது புனேயில் இருந்து கொண்டு நெடுந்தூர ஓட்டம் ஓடுகிறாள். “ஆறு நாள் மெதுவாக நடந்தால் பன்னிரண்டு ஆண்டு உழைப்பு போய்விடுமா அப்பா?” என்று கேட்டாள். போய்விடாது. பயிற்சியை முற்றாக நிறுத்தினாலும் மூச்சுரம் குறிப்பிடத்தக்க அளவில் குறைய இரண்டு மூன்று வாரங்கள் ஆகும். 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ஓர் ஆய்வு நடந்தது. வாரம் ஆறு நாள் கடும்பயிற்சி செய்தவர்களை இரண்டு நாளாகவும் நான்கு நாளாகவும் குறைக்கச் செய்தனர். கடுமையை மட்டும் குறைக்கவில்லை. பதினைந்து வாரம் கழித்தும் அவர்கள் உயிர்வளி ஏற்கும் திறன் அப்படியே இருந்தது. எண்ணிக்கை குறையலாம், ஓரிரு நாள் நடையாவது வேகம் கெடாமல் இருந்தால் போதும் என்று நாங்கள் அதைப் புரிந்து கொண்டோம்.

அந்த ஓரிரு நாள் நடையை எப்போது நடப்பது? இளையவர்தான் இதற்கு வழி கண்டார். நண்பகல் ஒருவேளை உண்ட பின், ஒன்றரை மணி நேரம் கழித்து நடந்தால் உடம்பில் எரிபொருள் இருக்கும். உணவுக்குப் பிந்திய நடை நீரிழிவாளரின் சர்க்கரை ஏற்றத்தையும் தணிக்கும். தில்லியின் குளிர்காலக் காற்று விடியலில் தரையோடு படிந்து கிடக்கும். வெயில் ஏறிய பிறகே சற்று மேலெழுந்து கலையும். அமர்ந்திருக்கையில் நிமிடத்துக்கு ஆறேழு லிட்டர் காற்றை உள்ளிழுக்கும் நாம், வேகநடையில் முப்பது லிட்டர் வரை இழுக்கிறோம். புகைமூட்டத்தில் வைகறை நடை எவ்வளவு நஞ்சை ஏற்றும் என்று கணக்கிட்டுக் கொள்ளலாம். முந்திய ஆண்டு நாங்கள் செய்தது அதைத்தான், அதுவும் வெறும் வயிற்றில்.

2017இல் அமைத்துக் கொண்ட முறை இது. காலையில் கோயிலுக்கு மெல்நடை மட்டும். மெல்நடையில் உடம்பு பெரும்பாலும் கொழுப்பையே எரிக்கும். வேகம் கூடக் கூடத்தான் சர்க்கரையைத் தேடும். நடந்து கொண்டே கந்த சஷ்டி கவசத்தை இராகத்தோடு பாட முடிந்தால் அது மெல்நடை. பாட முடியாமல் பேச மட்டும் முடிந்தால் வேகநடை. பேச்சும் திணறினால் நிற்க வேண்டும். கருவி எதுவும் தேவைப்படாத அளவுகோல். இரண்டாம் நாளும் நான்காம் நாளும் பிற்பகலில் அரை மணி நேரம் வேகநடை. காற்று மிகக் கெட்ட நாளில் வீட்டுக் கூடத்திலேயே வளைய வந்தோம். கீழ்வீட்டாருக்கு எங்கள் காலடி ஓசை வியப்பாக இருந்திருக்கும்.

உணவில் இளையவர் முருகனையே சாட்சிக்கு அழைத்தார். தேனும் தினைமாவும் வள்ளி மணாளனுக்கு உகந்தவை அல்லவா? தேனை மூத்தவருக்கு விலக்கி, தினையைச் சோறாக்கினார். ஜவ்வரிசியில் இல்லாத புரதமும் நாரும் தினையில் உண்டு. அதனுடன் பாசிப்பருப்பு, முருங்கைக் கீரை, ஒரு கிண்ணம் தயிர். இரவில் பாலும் பாதிக் கொய்யாவும் ஒரு கைப்பிடி வேர்க்கடலையும். பகல் முழுதும் தண்ணீர், இடையில் உப்பிட்ட மோர். இளையவர் தம் தனி நேர்த்தியைக் கைவிட்டார். விடுவதற்கு முன் மலை மந்திரில் நெடுநேரம் கண்மூடி நின்றார். என்ன பேசினார் என்று மூத்தவர் கேட்கவில்லை. இருவரும் காலையிலும் மாலையிலும் ஒருவர் கண் முன் ஒருவர் சோதனைக் கருவியில் எண் பார்த்தோம். இளையவருக்கு நீரிழிவு இல்லை. ஆனாலும் தம் விரலையும் குத்திக் கொண்டார். மறைப்பதற்கு இனி இடம் இருக்கக்கூடாது என்பது அவர் வாதம்.

அக்டோபர் 25ஆம் நாள் சூரசம்ஹாரம். படிகளில் மூத்தவர் இருமுறை நின்று ஏறினார். முன்பெல்லாம் நில்லாமல் ஏறியவர் நிற்பதைக் கண்டு, உடன் வந்த அன்பர் ஒருவர், “வயதாகிவிட்டது போலும்” என்றார். “விரதம்” என்று மட்டும் சொன்னோம்.

மறுநாள் பாரணை முடிந்தது. அதற்கும் மறுநாள் விடியலில், உதயத்துக்கு அர்க்கியம் கொடுத்துவிட்டுத் திரும்பிய கீழ்வீட்டு அம்மையார், உதடு உலர்ந்த முகத்தோடு படியேறி வந்து, கோதுமையும் வெல்லமும் சேர்த்துப் பொரித்த தேகுவா நான்கை இலையில் வைத்துக் கொடுத்தார். இளையவர் அவரை உட்கார வைத்து, முதலில் தண்ணீர் கொடுத்தார். பிறகு தினைமாவு உருண்டை இரண்டை அவர் கையில் வைத்தார். மூத்தவர் தேகுவாவைப் பார்த்தார். இளையவர் சோதனைக் கருவியை நீட்டினார். எண் 112. பாதித் தேகுவாவுக்கு அனுமதி கிடைத்தது.